கரோக்கே கேமில் பாடினால் பாயிண்ட் ஏறவில்லை, பாடாமல் இருந்தால் கோடு ஓடுகிறது. மைக்கில் என்ன கோளாறு?

பெங்களூரு ஃப்ளாட்டில் லேப்டாப்பை டிவியில் மாட்டி அல்ட்ராஸ்டார் டீலக்ஸ் என்ற கரோக்கே கேம் விளையாடுவதாகவும், மைக் சில நேரம் செத்தே கிடப்பதாகவும், சில நேரம் வாயை மூடியிருந்தாலும் பாடும் சுருதியைக் காட்டும் கோடு திரையில் ஓடுவதாகவும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் வேறு வேறு கோளாறு. புது மைக் வாங்கக் கிளம்பாதீர்கள். பெரும்பாலும் மைக் மேல் தப்பு இருக்காது.

முதலில் கேமை மூடிவிட்டு விண்டோஸின் சவுண்ட் ரெக்கார்டரில் (விண்டோஸ் 10இல் வாய்ஸ் ரெக்கார்டர்) இரண்டு வரி பாடிக் கேளுங்கள். அதிலேயே சத்தம் இல்லையென்றால் கேமுக்குள் எதையும் நோண்டிப் பயனில்லை. ரெக்கார்டரில் சத்தம் வந்தாலும் வராவிட்டாலும், செட்டிங்ஸில் பிரைவசி, அதில் மைக்ரோஃபோன் பக்கம் போய், டெஸ்க்டாப் ஆப்களுக்கு அனுமதி என்று தனியாக இருக்கும் சுவிட்சைப் பாருங்கள். மேலே இருக்கும் பொது சுவிட்ச் ஆனில் இருந்து இது ஆஃபில் இருந்தால் இந்த கேமுக்கு மைக் கிடைக்காது.

அடுத்து பிளக். கரோக்கே மைக்கில் வருவது 6.35 மி.மீ. தடி பிளக். அதற்கு ஒரு கன்வெர்ட்டர் போட்டு லேப்டாப்பின் ஒற்றை 3.5 மி.மீ. துளையில் சொருகினால் வேலை செய்யாது. அந்தத் துளை நான்கு வளையப் பிளக்குக்கானது. மைக் இணைப்பு அடிவளையத்தில் இருக்கும். உங்கள் பிளக்கில் அந்த இடம் எர்த். ஹெட்ஃபோனுக்கும் மைக்குக்கும் தனித்தனித் துளை உள்ள ஸ்ப்ளிட்டர் வேண்டும். அதைவிட, உங்கள் ஊர் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான எஸ்.பி. ரோட்டில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் யூஎஸ்பி சவுண்ட் கார்டே நல்லது. டைனமிக் மைக் (கரோக்கே மைக் பெரும்பாலும் இந்த வகைதான்) தருவது சில மில்லிவோல்ட்தான் என்பதால், எதில் மாட்டினாலும் ரெக்கார்டிங் லெவலை ஏற்ற வேண்டியிருக்கும். கேமிலேயே மைக் பூஸ்ட் +6, +12, +18 டெசிபெல் என்று உண்டு. ஒவ்வொரு படியாக ஏற்றுங்கள். உச்சத்தில் பாடும்போது மீட்டர் முட்டினால் ஒரு படி இறக்குங்கள்.

ஸ்பீக்கர் சேர்ந்தே வரும் புளூடூத் கரோக்கே மைக்கா? அப்படியானால் நேரத்தை வீணாக்காதீர்கள். அவற்றில் பல, உங்கள் குரலைத் தன் ஸ்பீக்கருக்கு மட்டுமே அனுப்பும், கம்ப்யூட்டருக்கு அனுப்பாது. லேப்டாப்பின் கண்ணுக்கு அது வெறும் ஸ்பீக்கர். பிறந்தநாள் பார்ட்டிக்குச் சரி, இந்த கேமுக்கு உதவாது.

பாடாமலே கோடு ஓடுவதற்கு வருவோம். இந்த கேம் நீங்கள் பாடும் சொல்லைக் கேட்பதில்லை, சுருதியை மட்டும் பார்க்கிறது. ஸ்தாயியையும் பொருட்படுத்தாது, அதனால்தான் பெண் குரல் பாட்டை ஆண் கீழ்ஸ்தாயியில் பாடினாலும் பாயிண்ட் விழுகிறது. இதில் ஒரு வம்பு இருக்கிறது. நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். அந்த இரைச்சலும் அதன் இரட்டிப்பான 100 ஹெர்ட்ஸும் ஜி சுரத்தை ஒட்டி, அதாவது 5 கட்டையை ஒட்டி நிற்கும். எனவே யாரும் பாடாதபோது கோடு ஒரே உயரத்தில், ஜி பக்கம் அசையாமல் நின்றால் அது கரண்ட் இரைச்சல். சார்ஜரைப் பிடுங்கி பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். கோடு மறைந்தால் எர்த்திங் கோளாறு: சார்ஜரின் மூன்றாவது பின் உண்மையிலேயே எர்த்தோடு சேர்கிறதா என்று பாருங்கள், டிவியையும் லேப்டாப்பையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் மாட்டுங்கள். மின்வெட்டில் ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் ஓடும்போது மட்டும் வந்தால் பேட்டரியிலேயே விளையாடுவதுதான் சுலபம்.

கோடு நிற்காமல் பாட்டின் மெட்டோடு சேர்ந்து ஏறி இறங்கினால், டிவி ஸ்பீக்கரில் பாடும் மூலப் பாடகரைத்தான் மைக் பிடிக்கிறது. உங்களுக்குப் பதில் அவர் பாயிண்ட் வாங்கிக்கொண்டிருக்கிறார். ஸ்பீக்கர் மைக்கின் முதுகுப் பக்கம் இருக்கும்படி நில்லுங்கள், வாய்க்கும் மைக்குக்கும் மூன்று நான்கு விரற்கடைதான் இடைவெளி இருக்கட்டும், பிறகு கேமில் த்ரெஷோல்டை, அதாவது எவ்வளவு சத்தத்துக்கு மேல் வந்தால் பாட்டாக எடுத்துக்கொள்வது என்ற அளவை, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். பூஸ்ட்டையும் த்ரெஷோல்டையும் ஒரே நேரத்தில் ஏற்றினால் ஒன்றை மற்றது விழுங்கிவிடும்.

பலரும் கவனிக்காத ஒன்று: நீட்டிப் பாடும் இடத்தில் மட்டும் கோடு அறுந்துபோவது. ‘ஆ’ என்று இழுத்தால் முதல் அரை நொடி பிடித்துவிட்டு விட்டுவிடும். மூச்சுப் பயிற்சி தேவையில்லை. காரணம் நாய்ஸ் சப்ரஷன்: மாறாமல் ஒலிக்கும் எதையும் ஃபேன் சத்தம் என்று நினைத்து அமுக்குவது. மீட்டிங்குக்கு அது வரம், பாட்டுக்குச் சாபம். விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ், சிஸ்டம், சவுண்ட், உங்கள் மைக் என்று போய் ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸை ஆஃப் செய்யுங்கள். லேப்டாப் கம்பெனி போட்டுக் கொடுத்த ஆடியோ ஆப்பிலும் தனியாக ஒன்று இருக்கும், அதையும் அணையுங்கள்.

சுருதி சரியாக இருந்தும் எல்லா வரியும் பிந்தி விழுந்தால் அது தாமதம். வயர் ஹெட்ஃபோன் போட்டு லேப்டாப் திரையையே பார்த்துப் பாடுங்கள். அப்போது சரியானால் குற்றவாளி டிவி. அதைத் தாமதத்தைக் குறைக்கும் கேம் மோடில் வையுங்கள். புளூடூத் ஸ்பீக்கர் வேண்டவே வேண்டாம். நிமிடத்துக்கு 120 தட்டுள்ள பாட்டில் ஒரு தட்டு 500 மில்லிசெகண்ட். ஸ்பீக்கரே 200 தின்றுவிட்டால் எப்படிப் பிடிப்பது?

இருவர் பாடும்போது ஒருவருக்கு மட்டும் வரவில்லையென்றால் ரெக்கார்டிங் ஆப்ஷனில் சேனலைப் பாருங்கள். சிங்ஸ்டார் (பிளேஸ்டேஷன் கரோக்கே கேம்) மைக் ஜோடி ஒரே யூஎஸ்பி கருவியாகத்தான் தெரியும்: ஒரு மைக் இடது சேனல், மற்றது வலது. இரண்டு சேனலையும் முதல் ஆளுக்கே கொடுத்திருந்தால் இரண்டாமவர் ஊமைதான். மைக்கை மாட்டிய பிறகே கேமைத் திறவுங்கள். நடுவில் கழற்றி மாட்டினால் மூடித் திறக்க வேண்டியிருக்கும்.