வயல் செய்தது நான், உரக்காசு போனது காணிக்காரர் பக்கம்

கேள்வி: கிளிநொச்சி, உருத்திரபுரம் பக்கத்தில் மூன்று ஏக்கர் வயலை மூன்று வருடமாகக் குத்தகைக்குச் செய்கிறேன். எழுத்து ஒன்றும் இல்லை, வாய்ப்பேச்சுத்தான். அறுவடை முடிய ஏக்கருக்கு ஐந்து மூட்டை நெல் கொடுப்பேன். காணிக்காரர் வெளிநாட்டில். 2024/25 காலபோக (பெரும்போக) உர மானியம் அவருடைய தம்பியின் கணக்கில் விழுந்திருக்கிறது. கேட்டால், “காணி எங்கடை, காசும் எங்கடை” என்கிறார். கமநல நிலையத்தில், பதிவில் தம்பிதான் செய்கையாளர் என்கிறார்கள். பொலிசில் முறைப்பாடு கொடுக்கலாமா ஐயா?

பதில்: பொலிசுக்கு இப்போதைக்குப் போகாதீர்கள். காசுப் பிணக்கு என்று திருப்பி அனுப்பத்தான் பார்ப்பார்கள், வீணாக ஊர்ப்பகைதான் மிஞ்சும்.

அந்தப் போகத்துக்கு ஹெக்டேயருக்கு 25,000 ரூபாய், ஒருவருக்கு 2 ஹெக்டேயர் வரை. மூன்று ஏக்கர் என்றால் ஏறக்குறைய 30,000. விதைக்கிறவர் உரம் வாங்கத்தான் இந்தக் காசு. காணி யாருடையது என்பது வேறு கதை. ஆனால் உங்களுக்கு 30,000 ரூபாயை விடப் பெரிய சிக்கல் அந்தப் பதிவு. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி வைக்கும் காணிப் பதிவேட்டில் உள்ளதை, மறுத்து நிரூபிக்கும் வரை உண்மை என்றே எடுத்துக்கொள்வார்கள். செய்கையாளராகத் தம்பியின் பெயர் கிடந்தால், நாளைக்கு உங்களை வரம்பை விட்டு இறக்குவதும் சுலபம். அவர் விடாப்பிடியாக நிற்பதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

இன்னொன்று. அந்தப் பக்கம் நிறையக் காணி குடியேற்றத் திட்டத்தில் அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த பெர்மிட் காணி. அதை நினைத்தபடி குத்தகைக்குக் கொடுக்க முடியாது. அப்படியானால் சத்தம் போடப் போய் நீங்களே மாட்டிக்கொள்ளவும் கூடும். முதலில் உறுதி (சொந்தப் பத்திரம்) உள்ள காணியா, பெர்மிட்டா என்று பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். பெர்மிட் என்றால், பதிவைத் திருத்தக் கேட்டுக் கடிதம் எழுதுமுன் ஒரு சட்டத்தரணியை நேரில் பாருங்கள். கையில் காசில்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது.

உறுதிக் காணி என்றால் தாமதிக்காதீர்கள். விதைநெல் வாங்கிய பற்றுச்சீட்டு, உழவுக் கூலித் துண்டு, நெல் விற்ற கணக்கு, பக்கத்து வயல்காரர் இருவரின் கடிதம், எல்லாவற்றையும் சேருங்கள். கமக்காரர் அமைப்புத் தலைவரும் கிராம சேவையாளரும் உறுதிப்படுத்தினால் இன்னும் நல்லது. பதிவைத் திருத்தக் கேட்டு, மாவட்டக் கமநல அபிவிருத்தி உதவி ஆணையாளருக்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். வாயால் கேட்டதற்குச் சாட்சி இல்லை.

கூடவே 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் சட்டத்தில் ஒரு விண்ணப்பம். அந்த வயலுக்குச் செய்கையாளராக யாரை, எந்த ஆவணத்தை வைத்துப் பதிந்தார்கள் என்று மட்டும் கேளுங்கள். வங்கிக் கணக்கு இலக்கத்தைக் கேட்டால் தனிப்பட்ட தகவல் என்று முழுவதையும் தட்டிவிடுவார்கள். 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்லியாக வேண்டும். போன காசு திரும்புமென்று நான் உறுதி தரமாட்டேன், அடுத்த போகத்துக் காசைத்தான் குறி வையுங்கள்.

அப்புறம், கோபத்தில் குத்தகை நெல்லை நிறுத்திவிடாதீர்கள். நீங்கள் குத்தகைக்காரர் என்பதற்கு அதுதான் சாட்சி. கொடுக்கும்போது ஒரு துண்டில் கையெழுத்து வாங்குங்கள். தம்பி மறுத்தால், மூட்டை ஏற்றிய லாண்ட்மாஸ்டர் (இரு சக்கர உழவு இயந்திரம்) காரரிடமாவது எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.