சாட்சி நோட்டில் இல்லாதவர்கள்

கேள்வி: நான் பெந்தெகொஸ்தே குடும்பத்தில் பிறந்தவள். கல்லூரியில் மூன்றாம் வருடம். சுகமளிக்கும் கூட்டங்களில் நடப்பதெல்லாம் உண்மைதானா என்று இரண்டு வருடமாக மனதுக்குள் உறுத்தல். கேட்டால் "உனக்கு விசுவாசம் பத்தல" என்கிறார்கள். நீங்கள் சபையை விட்டு எப்படி வெளியே வந்தீர்கள்? அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது?
– பெயர் வேண்டாம், நாகர்கோவில்

மகளே, என்னை வெளியே கொண்டுவந்தது ஒரு நோட்டு. 1993-ல் எனக்கு 24 வயது. எங்கள் சபை நடத்திய மூன்று நாள் கூட்டத்தில் எனக்குச் சாட்சி எழுதும் வேலை. மேடைக்குப் பின்னால் ஒரு மர பெஞ்ச், ஒரு ட்யூப்லைட், அதைச் சுற்றி ஈசல். ஜெபம் முடிந்ததும் சுகம் கிடைத்ததாகச் சொல்கிறவர்கள் வரிசையில் வருவார்கள். பெயர், ஊர், வியாதி, எத்தனை வருடம் என்று கோடு போட்ட நோட்டில் எழுதி, கடைசிக் கட்டத்தில் 'சுகம்' என்று டிக் அடித்து மைக்குக்கு அனுப்புவேன். வலி குறையவில்லை என்று சொல்ல யாரும் அந்த வரிசைக்கு வரவில்லை. வந்திருந்தாலும் எழுத நோட்டில் கட்டம் கிடையாது. அன்றைக்கு அது எனக்கு உறைக்கவில்லை.

அந்த வரிசையில் என் சித்தியும் நின்றாள். பன்னிரண்டு வருடச் சர்க்கரை. மைக்கைப் பிடித்துக்கொண்டு அழுதாள், இனி மாத்திரை டப்பாவைத் தொடமாட்டேன் என்றாள். பந்தலே அல்லேலூயா என்றது. டிக் அடித்தவன் நான். ஏழாவது மாதம் இடது கால் பெருவிரல் கறுத்தது. பாளையங்கோட்டையில் ஓர் ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். பார்க்க வந்த ஊழியக்காரர், "இடையில விசுவாசம் தளர்ந்திருக்கும்" என்று சொல்லி, ஜெபித்துவிட்டுப் போனார். அவர் போனதும் சித்தி என் கையைப் பிடித்து, "ஏல, நான் எங்கல கொறச்சேன்?" என்று கேட்டாள். ஏழு மாதம் ஒரு மாத்திரைகூடத் தொடாதவள் கேட்கிறாள்!

அதற்கு அடுத்த வாரம் நோட்டை எடுத்துக்கொண்டு சைக்கிளில் கிளம்பினேன். ஒன்பது வீட்டுக்குப் போனேன். இரண்டு பேர் இறந்திருந்தார்கள், எழுதியிருந்த அதே வியாதியில். நாலு பேருக்கு வியாதி அப்படியே இருந்தது. ஒருவர் ஊரை விட்டுப் போய்விட்டார். இரண்டு பேருக்கு நன்றாக ஆகியிருந்தது. ஒருத்திக்கு ஒற்றைத் தலைவலி, இன்னொருவர் வீட்டுக்குத் தெரியாமல் டி.பி. மருந்தை விடாமல் சாப்பிட்டவர். பந்தலில் பொய் சொன்னவர் யாரும் இல்லை, மகளே. அந்த நேரத்தில் அவர்களுக்கு வலி நிஜமாகவே குறைந்திருக்கும். நல்லதை மட்டும் எழுதி, கெட்டதைப் போய்ப் பார்க்காமல் விட்டோம். அங்கிருந்துதான் எனக்கு ஒவ்வொன்றாகக் கழன்றது. முதலில் சுகமளித்தல், பிறகு தீர்க்கதரிசனம், ஆவியில் நிறைந்து பேசுவதாகச் சொல்லும் அந்நிய பாஷை. கடைசியில் கடவுள். அதற்கு ஆறு வருடம் ஆயிற்று. அழுத ராத்திரிகள் நிறைய.

அம்மா விஷயம். படிப்புக்கும் சாப்பாட்டுக்கும் வீட்டை நம்பியிருக்கும்போது குடும்ப ஜெபத்தில் உட்கார்ந்து தர்க்கம் பண்ணாதே. வேலை கிடைத்து, கையில் காசு வரட்டும், அப்புறம் சொல்லலாம். ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதே. அம்மாவுக்கு பிரஷரோ சர்க்கரையோ இருந்தால், எந்தக் கூட்டத்துக்குப் போய் வந்தாலும் மாத்திரையை நீயே எடுத்துக் கொடு. "ஜெபமும் பண்ணுங்கம்மா, இதையும் போடுங்க" என்று சொன்னால் போதும்.

கேள்வி: என் முதுகுவலியைப் பற்றியும் என் தெருப் பெயரையும் முன்பின் தெரியாத ஒரு போதகர் மேடையிலிருந்து சொன்னார். இதற்கு என்ன விளக்கம்?
– ஒரு வாசகர், தூத்துக்குடி

உங்கள் போதகரைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது, அவர்மேல் குற்றம் சொல்ல மாட்டேன். அமெரிக்காவில் நடந்ததைச் சொல்கிறேன். 1980-களில் பீட்டர் போபோஃப் என்ற சுவிசேஷகர் கூட்டத்தில் இருப்பவர்களின் பெயர், விலாசம், வியாதி எல்லாம் சரியாகச் சொல்வார். 1986-ல் மேஜிக் கலைஞர் ஜேம்ஸ் ராண்டியின் குழு ரேடியோ ஸ்கேனரோடு அரங்கத்துக்குள் போனது. 39.17 மெகாஹெர்ட்ஸில் ஒரு பெண் குரல் கேட்டது. போபோஃபின் மனைவி எலிசபெத், ஜனங்கள் எழுதிக் கொடுத்த ஜெப அட்டைகளைப் பார்த்து வாசிக்க, கணவர் காதில் மாட்டிய சின்னக் கருவியில் கேட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார். ஜானி கார்சனின் டி.வி. நிகழ்ச்சியில் ராண்டி அந்தப் பதிவைப் போட்டுக் காட்டினார். அடுத்த வருடம் போபோஃப் திவால் மனு கொடுத்தார். சில வருடத்தில் மறுபடி டி.வி.க்கு வந்துவிட்டார் என்பதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

நீங்கள் கூட்டத்துக்கு முன்னால் ஏதாவது அட்டை நிரப்பினீர்களா, யாரோடு பேசிக்கொண்டிருந்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். கிராமத்திலிருந்து வந்து, வயலில் குனிந்து வேலை செய்கிற ஐம்பது வயதுக்காரருக்கு முதுகுவலி இருக்கும் என்று சொல்ல வரம் தேவையில்லை.

கேள்வி: "வியாதியஸ்தர்மேல் கைகளை வைப்பார்கள், அப்பொழுது அவர்கள் சொஸ்தமாவார்கள்" என்று வேதமே சொல்கிறதே?
– ஒரு வாசகி, சாயர்புரம்

மாற்கு 16-ல் இருக்கிற வசனம், நானும் மனப்பாடமாகச் சொன்னதுதான். மாற்கு சுவிசேஷத்துக்கு நமக்குக் கிடைத்த மிகப் பழைய முழுக் கையெழுத்துப் பிரதிகள் இரண்டு, சினாய்ப் பிரதி, வத்திக்கான் பிரதி. இரண்டும் நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. இரண்டிலும் மாற்கு 16-ம் அதிகாரம் 8-ம் வசனத்தோடு முடிகிறது. 9 முதல் 20 வரை பின்னால் சேர்ந்தது என்பதை வேத ஆராய்ச்சி செய்கிற கிறிஸ்தவ அறிஞர்களே பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறார்கள். என் சித்தி நம்பியதும் அந்த வசனத்தைத்தான். இதை ஒருவராவது பிரசங்க பீடத்திலிருந்து அவளுக்குச் சொல்லியிருக்கலாம்.

கேள்வி: சபையை விட்டவர் நீங்கள். கல்லறைத் தோட்டத்தில் இடம் தரமாட்டார்களே, என்ன செய்வீர்கள்?
– ஒரு வாசகர், நாசரேத்

உடலை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுக்கிறேன். திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரியின் உடற்கூறியல் துறையில் படிவம் வாங்கிவைத்திருக்கிறேன். வீட்டார் சம்மதம் முக்கியம், ஏனென்றால் கடைசியில் போன் பண்ணிக் கொடுக்க வேண்டியவர்கள் அவர்கள்தான். அம்மாவுக்கு 81 வயது, இன்றும் ஞாயிற்றுக்கிழமை முதல் ஆராதனை தவறமாட்டாள். இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. பிறகு ஒருநாள் அவளே பேனா கேட்டுக் கையெழுத்துப் போட்டாள். வண்டி வருவதற்கு முன்னால் வாசலில் வைத்து ஒரு பாமாலை பாடிக்கொள்வோம் என்றாள். பாடுங்கம்மா என்றேன்.