‘டூர் போகிறோம்’ என்று சொல்லாதீர்கள்: ஜெர்மனிக்குக் கிளம்பும் குழந்தைகள், கேள்வி பதில்

கோயம்புத்தூரிலிருந்து இரண்டு பிள்ளைகளோடு பெர்லினுக்கு வந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. அதில் ஐந்து ஆண்டுகளாக இங்குள்ள மழலையர் பள்ளி ஒன்றில் உதவியாளராக இருக்கிறேன். இங்கே அதைக் ‘கீட்டா’ என்பார்கள். கிளம்பும் குடும்பங்கள் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

அக்கா, மகனுக்கு நான்கு வயது. அக்டோபர் கடைசியில் மியூனிக் கிளம்புகிறோம். ‘டூர் போகிறோம் என்று சொல்லிவை, அங்கே போனால் பழகிவிடுவான்’ என்கிறார் மாமியார். சொல்லலாமா?

வேண்டாம். அந்தப் பொய்யைச் சொன்னவள் நான். ‘பத்து நாள் இருந்துவிட்டு வந்துவிடலாம்’ என்று மகளிடம் சொல்லியிருந்தேன். யார் எண்ணக் கற்றுக்கொடுத்தார்களோ, பதினோராம் நாள் காலையில் செருப்பை மாட்டிக்கொண்டு, பொம்மைப் பையோடு கதவருகே வந்து நின்றுவிட்டாள். அதன் பிறகு ஆறு மாதம், கீழே குப்பை போட்டுவிட்டு வருகிறேன் என்றால்கூட அவள் என்னை நம்பவில்லை.

நான்கு வயதுக் குழந்தைக்கு ஒரு மாதம் முன்னால் சொன்னால் போதும். அக்டோபர் என்றால் அவனுக்குப் புரியாது; ‘ஆயுத பூஜைக்குப் பொரி சாப்பிடுவோம், அதற்கப்புறம்’ என்றால் புரியும். நாள்காட்டித் தாளைக் கிழிக்கும் வேலையை அவனிடமே கொடுத்துவிடுங்கள். யார் வருவார்கள், யார் வரமாட்டார்கள் என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள். ‘தாத்தா ஏன் வரவில்லை?’ என்று இருபது முறை கேட்பான். இருபது முறையும் ஒரே பதிலைச் சொல்லுங்கள். பதில் மாறினால்தான் பயம் வரும்.

மூன்று வயது மகள் பாட்டியோடுதான் தூங்குவாள். நினைத்தாலே வயிற்றைப் பிசைகிறது.

ஊரையும் பாட்டியையும் ஒரே நாளில் பிரிக்காதீர்கள். இரண்டு மாதம் முன்பே, வாரத்தில் சில இரவுகள் உங்கள் பக்கத்தில் படுக்கட்டும். பாட்டியின் பழைய நூல் புடவை ஒன்றைத் துவைக்காமல் எடுத்து வாருங்கள். என் மகன் அதைப் போர்த்தித்தான் முதல் குளிர்காலத்தைக் கடந்தான்.

அழுவாளே என்று தூங்கும்போது தூக்கிக்கொண்டு கிளம்பாதீர்கள். பகலில், சொந்த வாசலில், பாட்டி மடியில் உட்கார்ந்து விடைபெறட்டும். எல்லோரும் அழட்டும், குற்றமில்லை.

பிறகு வீடியோ அழைப்புக்கு ஒரு நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஊரில் மாலை 7 மணி என்றால் இங்கே குளிர்காலத்தில் பிற்பகல் 2.30. மார்ச் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள், அன்று முதல் 3.30. இதைப் பாட்டிக்கும் சொல்லிவையுங்கள், இல்லையென்றால் அங்கே போனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். ‘என்னைத் தெரிகிறதா கண்ணு?’ என்ற விசாரணை மட்டும் வேண்டாம். பாட்டி கீரை ஆய்ந்துகொண்டே கதை சொல்லட்டும், குழந்தை கேட்டபடி சாப்பிடட்டும்.

இப்போதே வீட்டில் ஆங்கிலத்துக்கு மாறிவிடவா?

எதற்கு? கீட்டாவில் பேசப்போவது ஜெர்மன். வீட்டில் தமிழே இருக்கட்டும். தண்ணீர், கழிவறை, வலிக்கிறது, வேண்டாம் என நான்கு ஜெர்மன் சொற்கள் தெரிந்தால் முதல் வாரம் ஓடிவிடும். சில குழந்தைகள் மாதக்கணக்கில் வாயே திறப்பதில்லை. பிறகு ஒருநாள் முழு வாக்கியமாகக் கொட்டுவார்கள். பல நகரங்களில் ஈழத்தமிழர்கள் வார இறுதியில் தமிழ்ப் பள்ளி நடத்துகிறார்கள். என் மகன் அங்கே போனபின் பேசுவதில்லை, ‘கதைக்கிறான்’. கோவை மாமனாருக்கு அதில் கொஞ்சம் வருத்தம்.

போனதும் கீட்டாவில் விட்டுவிட்டு வேலையில் சேர்ந்துவிடலாமா?

முதலில் இடம் கிடைக்கவேண்டும், அதற்கே காத்திருப்புப் பட்டியல். கிடைத்தாலும் வாசலில் விட்டுவிட்டு ஓடமுடியாது. குழந்தையைப் பழக்க இங்கே பல கீட்டாக்களில் பின்பற்றும் ‘பெர்லின் முறை’ப்படி முதல் மூன்று நாள் நீங்களும் உள்ளேயே இருக்கவேண்டும், அதுவும் ஒரு மணி நேரம் போல. நான்காம் நாள்தான் சில நிமிடம் வெளியே போய்ப் பார்ப்பீர்கள். முழுதாகப் பழகச் சில வாரங்கள் ஆகும். உங்கள் இருவரில் ஒருவர் அதுவரை விடுப்பில் இருப்பது நல்லது.

தடுப்பூசி அட்டை தேவைப்படுமா?

கட்டாயம், கைப்பையிலேயே வையுங்கள். 2020 மார்ச் முதல் தட்டம்மைத் தடுப்பூசிக்குச் சான்று காட்டாமல் கீட்டாவில் சேர்க்கமாட்டார்கள். ஒரு வயதானால் ஒரு தவணை, இரண்டு வயதானால் இரண்டு.

ராஜபாளையத்துக்காரி நான். நெய்யும் பால்கோவாவும் இல்லாமல் மகன் சாப்பிடமாட்டான். பெட்டியில் வைக்கலாமா?

முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து பயணிகள் பால் பொருட்களும் இறைச்சியும் கொண்டுவரக்கூடாது. குளிர்பதனம் தேவைப்படாத, பிரிக்காத கைக்குழந்தைப் பால்மாவுக்கு மட்டும் 2 கிலோ வரை விலக்கு உண்டு. பச்சைக் கறிவேப்பிலையும் கூடாது. பருப்புப் பொடி, கடலை மிட்டாய் தாராளமாக வரலாம். நெய்க்குக் கவலை வேண்டாம், இங்கே வெண்ணெய் வாங்கி நீங்களே உருக்கலாம். பால்கோவாவை மதுரை விமான நிலையத்தில் உட்கார்ந்து, மூவருமாகத் தின்று தீர்த்துவிட்டு ஏறுங்கள்.