புது டாட் வாங்கப் போறீங்களா? வாசகர் கேள்வி-பதில்

பிரிக்ஃபீல்ட்ஸ்ல புடவைக் கடை வச்சிருக்கேன் சார். எங்க கடை பேரையே டாட்டுக்கு அப்புறம் போட எவ்ளோ ஆகும்?

டாட்னா இணைய முகவரியோட கடைசியில புள்ளிக்கு அப்புறம் வர்ற பகுதி, காம் மாதிரி. அதுல சொந்தமா ஒண்ணு கேக்க விண்ணப்ப ஃபீஸ் மட்டும் 227,000 அமெரிக்க டாலர், நம்ம மலேசியக் காசுல ஒரு மில்லியன் வெள்ளிக்குக் கொஞ்சம் கம்மி. போன தடவ 2012ல விண்ணப்பம் வாங்குனப்ப 185,000 டாலரா இருந்துச்சு. கிடைச்ச பிறகும் வருஷா வருஷம் ஐகேனுக்கு, அதாவது உலக இணையப் பேருங்களை நிர்வகிக்கிற அமைப்புக்கு, ஒரு 25,000 டாலர் போகும், சர்வர் பாத்துக்கிற கம்பெனிக்குத் தனி. மெக்டொனால்ட்ஸே தன் பேர் டாட்டை வாங்கிட்டு 2017ல வேணாம்னு விட்டுட்டாங்க. டொமைன் வேற, டாட் வேற அக்கா. டொமைன்னா கடை பேரோட சேர்ந்த முழு முகவரி, டாட் அதோட வால் மட்டும்தான். உங்களுக்கு காம் டாட் எம்ஒய்னு முடியற டொமைன் போதும்.

டாட் கேஎல் கிடைக்குமா?

கிடைக்காது. ரெண்டு ஆங்கில எழுத்துன்னா அது நாடுகளுக்கு மட்டும்தான். டாட் கோலாலம்பூர்னு முழுசா கேக்கலாம், ஆனா தலைநகர் பேருங்கிறதால அரசாங்கத்தோட கடிதம் வேணும். பாயான் லெப்பாஸ்ல இருந்து டாட் புலாவ்பினாங் கேட்ட தம்பிக்கும் இதே பதில்தான், மாநிலப் பேருக்கும் கடிதம் இல்லாம நகராது.

கிள்ளான்ல ஒரு ஏஜென்ட் 5,000 வெள்ளி கட்டுனா டாட் பேரை புக் பண்ணி வைக்கிறேன்னார். கட்டிட்டேன். எப்ப கிடைக்கும்?

எப்பவும் கிடைக்காது. எத்தனை தடவதான்யா சொல்றது, டாட்டுக்கு புக்கிங்னு ஒண்ணு கிடையவே கிடையாது. முதல்ல வந்தவருக்கு முதல்லங்கிற கதையும் இல்ல, விண்ணப்ப காலம் 2026 ஏப்ரல் 30ல இருந்து ஆகஸ்ட் 12 வரை, அதுக்குள்ள முதல் நாள் போட்டாலும் கடைசி நாள் போட்டாலும் ஒண்ணுதான், அதுவும் ஐகேன் போர்ட்டல்ல நேரா கம்பெனி பேர்ல போடணும், தனி ஆளு போடவே முடியாது. நீங்க அனுப்புன இன்வாய்ஸைப் பாத்தேன். மேல பெருசா பூமி உருண்டை லோகோ, கீழ "டிஎல்டி முன்பதிவுக் கட்டணம்" (டிஎல்டின்னா டாட்டுதான்), பணம் போன கணக்கு மட்டும் யாரோ ஒருத்தரோட சொந்த சேவிங்ஸ். அதைப் பாத்துமா கட்டுனீங்க? உங்க பிராண்ட் பேரை இன்னொருத்தர் ரெஜிஸ்டர் பண்ணப் போறார், சீக்கிரம் பணம் கட்டுங்கன்னு வர்ற ஈமெயிலும் இதே கூட்டத்து வேலைதான், மாசத்துக்கு நாலு பேராவது எனக்கு அதை ஃபார்வர்ட் பண்றீங்க. இப்பவே பேங்குக்கும் 997ங்கிற மோசடிப் புகார் எண்ணுக்கும் ஃபோன் போடுங்க, அப்புறமா எனக்கு எழுதலாம். திரும்ப சொல்றேன், ஐகேன் போர்ட்டல் மட்டும்தான்.

ஒரே பேரை ரெண்டு கம்பெனி கேட்டா?

கடைசியில ஏலம். டாட் ஆப்புக்கு 2015ல கூகள் 25 மில்லியன் டாலர் குடுத்துச்சு, டாட் வெப் அடுத்த வருஷம் 135 மில்லியனுக்குப் போச்சு. போன தடவ போட்டியாளர்களே தனியா ஏலம் வச்சு, தோத்தவங்களும் காசு பாத்தாங்க. இந்தத் தடவ அதுக்குத் தடை.

தமிழ் எழுத்துல டாட் உண்டா?

இருக்கே. டாட் சிங்கப்பூர், டாட் இந்தியா, டாட் இலங்கை மூணும் தமிழ் எழுத்துலயே இருக்கு, ஆனா எல்லாம் நாட்டுக்கானது. நம்ம மலேசியாவுக்கு ஜாவி எழுத்துல, அதாவது மலாய் மொழிக்கான அரபு எழுத்துல இருக்கு. தமிழ்ல நாட்டுக்கானதா இல்லாத பொது டாட் கேக்கலாம், காசு இருக்கிற சங்கம் எதுவும் இதுவரைக்கும் எனக்கு எழுதல.

டாட் காம் செத்துப்போச்சாமே?

15 கோடிக்கு மேல பதிவு இருக்கு, நல்லாதான் ஓடுது. செத்தது உங்க டொமைன்தான். ரினியூ பண்ணாததால நான் அனுப்புன பதில் திரும்பி வந்துருச்சு, அதான் இங்க எழுதறேன்.