யாரும் குறை சொல்லாத கூடைப்பந்து நடுவராக வர என்ன இலக்கு வைத்துக்கொள்ள வேண்டும்?

கேள்வியில் "யாரும் குறை சொல்லாத" என்று இருக்கிறதே, அதைப் படித்ததும்தான் பதில் எழுதவே உட்கார்ந்தேன். நீங்கள் மாவட்ட அளவில் விசில் அடிக்க ஆரம்பித்து ஓரிரு வருடம் ஆகியிருக்கும், சமீபத்தில் ஏதோ ஒரு கோச் கோர்ட் ஓரத்தில் நின்று கத்தியிருப்பார், கேலரியிலிருந்து யாராவது உங்கள் கண்பார்வையைப் பற்றி ஏதாவது சொல்லியிருப்பார்கள், அந்தக் கடுப்பில் கேட்டிருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். அப்படி இல்லையென்றால் மன்னிக்கவும். ஆனால் அந்த இலக்கை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

நாம் அடிக்கும் எந்த விசிலும் ஒரு டீமுக்குப் பிடிக்காது. அமெரிக்காவில் என்.பி.ஏ. 2015-லிருந்து, நெருக்கமாக முடிகிற ஆட்டங்களின் கடைசி 2 நிமிடத்துக்கு மட்டும் தனியாக ஓர் அறிக்கை வெளியிடுகிறது. அடித்த விசில் சரியா தப்பா என்று மட்டும் பார்ப்பதில்லை, அடிக்காமல் விட்ட விசில் சரியா தப்பா என்பதையும் பகிரங்கமாகப் போடுகிறார்கள். மூன்று நடுவர்கள், அத்தனை கேமரா, கை நிறையச் சம்பளம், அங்கேயே "தப்பு" என்று வரிகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. நாம் இரண்டு பேர் சிமெண்ட் தரையில் ஓடுகிறோம். யாரும் குறை சொல்லக் கூடாது என்று நினைக்கிற நடுவர் கடைசியில் என்ன செய்வார் என்றால், இந்தப் பக்கம் ஒன்று அடித்தாயிற்று, அந்தப் பக்கமும் ஒன்று அடித்துவிடலாம் என்று சரிக்கட்ட ஆரம்பிப்பார். நான் பார்த்திருக்கிறேன். பிளேயர்கள் அதை ஒரே குவார்ட்டரில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

சரி, என் கதைக்கு வருகிறேன். "நீ என்ன ஃபீபா (சர்வதேசக் கூடைப்பந்துச் சம்மேளனம்) பேட்ஜ் வாங்கியவனா" என்று கேட்கப்போகிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், இல்லை. சாதாரண ஆள். பகலில் வேறு வேலை, சனி ஞாயிறுகளில் விசில்.

தென் மாவட்டத்து ஊர் ஒன்றில் டோர்னமெண்ட், செமி ஃபைனல், ராத்திரி ஆட்டம். மழை விட்ட நேரம் என்பதால் ஃப்ளட்லைட்டைச் சுற்றி ஈசல், பாதி ஈசல் கோர்ட்டில். நான்காவது குவார்ட்டர், கடைசி நிமிடம், இரண்டு பாயிண்ட் வித்தியாசம். நான் லீட், அதாவது பேஸ்லைனில், கூடைக்குப் பின்னால் இருக்கிற கோட்டில் நிற்கிறேன். வலது பக்கமிருந்து ஒரு பையன் பந்தோடு கூடையை நோக்கி உள்ளே டிரைவ் பண்ணிக்கொண்டு வருகிறான், கூடைக்குக் கீழே அவனைத் தடுக்க ஒரு டிஃபெண்டர், "தொப்" என்று ஒரு சத்தம், இரண்டு பேரும் கீழே. நான் விசில் அடித்து பிளாக்கிங், அதாவது தப்பு குறுக்கே வந்த டிஃபெண்டர் மேல் என்று இடுப்பில் கை வைத்தேன். ஷாட் எடுக்கும்போது நடந்த ஃபவுல், பந்தும் உள்ளே போகவில்லை, ஆகவே இரண்டு ஃப்ரீ த்ரோ. டிஃபெண்டர் பக்கத்துக் கோச், வயதானவர், ஊரே மதிக்கிற ஆள், துண்டை உதறிக்கொண்டு வந்துவிட்டார். "சார், அவன் நின்னுக்கிட்டு இருந்தான் சார்! சார்ஜிங் சார் அது!" சார்ஜிங் என்றால் தப்பு வந்து மோதியவன் மேல்.

மறுநாள் காலை ஒரு காலேஜ் பையன் செல்போனில் எடுத்த வீடியோவைக் காட்டினான். டிஃபெண்டர் நிற்கவே இல்லை. டிரைவ் பண்ணுகிறவன் மேலே எழும்பிய பிறகு குறுக்கே நகர்ந்து இடுப்பைக் கொடுத்திருக்கிறான். சுத்தமான பிளாக்கிங். கூட இருந்த மூத்த நடுவர் முதுகில் தட்டினார், "சரியாத்தான்யா அடிச்சிருக்க" என்றார். அந்தக் கோச்கூட டீக்கடையில் பார்த்தபோது தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

எனக்கு மட்டும் டீ இறங்கவில்லை. ஏனென்றால் அந்த வீடியோவின் மூலையில் நானும் இருந்தேன். எனக்கும் அந்த மோதலுக்கும் நடுவில் ஆறரை அடி உயர பிளேயர் ஒருவனின் முதுகு. நான் பார்த்தது அந்த முதுகையும், அப்புறம் இரண்டு பேர் விழுந்ததையும்தான். தீர்ப்பு சரி, ஆனால் அதைப் பார்த்துச் சொல்லவில்லை. சத்தத்தைக் கேட்டு ஊகித்தது, அதிர்ஷ்டத்துக்குப் பொருந்திவிட்டது. இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது?

அந்த சீசன் முழுக்க நான் வைத்துக்கொண்ட இலக்கு இதிலிருந்து வந்ததுதான். ஒரே ஒரு இலக்கு. ஒவ்வொரு பிளாக்கிங்/சார்ஜிங் விசிலுக்கும், டிஃபெண்டரின் நெஞ்சும் காலும் என்ன செய்தன என்று யாராவது கேட்டால் என்னால் சொல்ல முடிய வேண்டும். எத்தனை தீர்ப்பு சரி, எத்தனை தப்பு என்ற கணக்கே வைத்துக்கொள்ளவில்லை, அது நம் கையில் இல்லை. எங்கே நிற்கிறோம், யாரைப் பார்க்கிறோம் என்பது நம் கையில் இருக்கிறது.

இதைச் செய்வது கேட்பதற்குச் சுலபம். டிரைவ் ஆரம்பித்த உடனே பேஸ்லைனில் இரண்டு எட்டு தள்ளி, இரண்டு பேருக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி தெரிகிற மாதிரி நின்றுவிட வேண்டும், மோதுகிற நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கக் கூடாது. கண் பந்து மேல் போகும், பிடித்து இழுத்து டிஃபெண்டர் மேல் வைக்க வேண்டும். சின்ன வயதிலிருந்து பந்தைப் பார்த்துப் பழகிய கண், லேசில் வராது. ஆட்டத்துக்கு முன்னால் கூட்டாளி நடுவரிடம், "அண்ணே, நான் எங்கே பார்த்துக்கிட்டிருந்தேன்னு மட்டும் டைம் அவுட்டில் சொல்லுங்க" என்று கேட்டுவிடுவேன். வீட்டிலிருந்து தம்பி மகன் வந்தால் போனைக் கொடுத்து, பந்தைப் படம் எடுக்காதே, என்னைப் படம் எடு என்பேன். அவனுக்கு அது பெரிய காமெடி.

இன்னொன்று, டிஃபெண்டர் "நின்றுகொண்டே" இருக்க வேண்டும் என்று பாதிக் கேலரி நம்புகிறது. விதி அப்படி இல்லை. எதிராளியைப் பார்த்தபடி இரண்டு காலும் தரையில் பட ஒரு தடவை இடத்தைப் பிடித்துவிட்டால், அப்புறம் அவன் பக்கவாட்டிலோ பின்னாலோ நகரலாம், நேர் மேலே குதிக்கலாம், எதிராளி எழும்பிய பிறகு குறுக்கே போவது மட்டும் கூடாது. நெஞ்சில் மோதினால் தப்பு மோதியவன் மேல். கூடைக்குக் கீழே தரையில் போட்டிருக்கிற அரைவட்டத்தின் கதை தனி. இதையெல்லாம் வாரத்துக்கு ஒரு விதி என்று உட்கார்ந்து படிப்பதும் ஓர் இலக்குதான். 2017-ல், பந்தைக் கையில் வைத்துக்கொண்டு எத்தனை எட்டு வைக்கலாம் என்கிற ஸ்டெப் விதி மாறியது, ஓடிக்கொண்டே பந்தைப் பிடிக்கும்போது ஊன்றியிருக்கிற காலைக் கணக்கில் சேர்ப்பதில்லை, இன்னும் எங்கள் பக்கம் சில பி.இ.டி. சார்களே "டிராவல், டிராவல்" என்று, எட்டு கூடிவிட்டதாகக் கத்துகிறார்கள். நமக்கே சந்தேகம் இருந்தால் அவர்கள் கத்துவது உள்ளே போய்விடும்.

இதெல்லாம் புத்தகத்திலேயே இருக்கு, நீ என்ன புதுசா சொல்லிட்டே என்று யாராவது மூத்தவர் வருவார். இருக்குங்க சார், நானும் அங்கிருந்துதான் எடுத்தேன். ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் சரிசெய்யப் போகாதே என்பது மட்டும்தான் என் கட்சி.

வேறொரு சீசனில், ஸ்கோர் எழுதுகிற டேபிளுக்கு ஃபவுல் செய்தவனின் நம்பரைக் கையால் காட்டுவதை இலக்காக வைத்திருந்தேன். இப்போது 99 வரைக்கும் ஜெர்சி நம்பர் வருகிறது. புறங்கையில் பத்துகள், அப்புறம் உள்ளங்கையில் ஒன்றுகள், 16-லிருந்து இப்படி. கண்ணாடி முன்னால் நின்று பழகும்போது வீட்டில் சிரித்தார்கள், சிரிக்கட்டும்.

டேபிள் என்றதும் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். கேள்விக்குச் சம்பந்தமில்லை, தெரியும். நடுவர் மட்டும் முன்னேற வேண்டும், மேம்பட வேண்டும், ஆனால் டேபிளில் உட்கார மட்டும் அன்றைக்குக் கிடைத்த ஸ்கூல் பையன்கள். ஷாட் ரிங்கில் பட்டுத் திரும்பி வந்த பந்தை அதே டீமே எடுத்தால், அடுத்த ஷாட்டுக்கான கடிகாரத்தை 14 நொடிக்கு வைக்க வேண்டும், பையன் பழக்கதோஷத்தில் 24 போடுவான், திட்டு எங்களுக்கு. அவனைக் குறை சொல்ல மாட்டேன், யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. சிறப்பு விருந்தினர் வந்து கைகுலுக்கிய பிறகுதான் ஃபைனல் என்று வார்ம் அப் முடித்தவர்களை ஒன்றரை மணி நேரம் நிறுத்தி வைத்து, பொன்னாடை, மாலை, பேச்சு எல்லாம் முடிந்து ஆட்டம் ஆரம்பிக்கும்போது என் முழங்கால் இரும்பாகியிருக்கும். பொன்னாடைக்குக் காசு இருக்கும். நடுவருக்குக் கொடுக்க வேண்டிய பஸ் காசு மட்டும் "அடுத்த மாசம் அனுப்பிடுறோம் சார்". எந்த ஊர் என்று கேட்காதீர்கள்.

உடம்பு விஷயத்திலும் இதே மாதிரி சின்னதாக ஒன்றை எடுங்கள். 28 மீட்டர் கோர்ட், ஃபாஸ்ட் பிரேக்கில் பந்து மறுமுனைக்குப் பறக்கும்போது, அதற்கு முன்னால் நாம் பேஸ்லைனில் இருக்க வேண்டும். முதல் குவார்ட்டரில் யாரும் ஓடிவிடுவார்கள். நான்காவது குவார்ட்டரில் ஓடுகிறேனா என்று பாருங்கள். நான் காலையில் 20 மீட்டருக்கு இரண்டு செங்கல் வைத்து, போனில் பீப் சத்தம் போட்டு ஷட்டில் ஓடுகிறேன். தெரு நாய்கள் இரண்டு கூடவே ஓடிவரும்.

ஸ்டேட் நடுவர் பேனல், தேசிய நடுவர் தேர்வு எல்லாம் இலக்கா என்று கேட்டால், விண்ணப்பம் போடுங்கள், தேர்வு எழுதுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கூப்பிடுவதும் விடுவதும் வேறு யாரோ முடிவு செய்வது. இந்த வருடம் எனக்கு இருக்கிற இலக்கு, கோச் கேள்வி கேட்டால் ஒரே வாக்கியத்தில் பதில் சொல்லிவிட்டு நகர்வது. போன மாதம் ஒரு கோச் கையை விரித்துக்கொண்டு வந்தார். "சார், அவன் எழும்பின பிறகு உங்க ஒன்பதாம் நம்பர் இடது பக்கம் நகர்ந்தான்" என்றேன். "அப்படியா?" என்று கேட்டுவிட்டு அந்தப் பையனைத் திட்டப் போய்விட்டார்.