வீட்டுக் கோழிக்கு ஆட்டுக் கொழுப்பு போடலாமா?

கேள்வி: திண்டுக்கல் பக்கம் கிராமத்தில் பத்து நாட்டுக்கோழி வளர்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கறி எடுத்தால் கொழுப்பு மிஞ்சுகிறது. அதைக் கோழிக்குப் போடலாமா? டெம்போவில் ஒருவர் 'தீவனக் கொழுப்பு' என்று டின்னில் கொண்டுவருகிறார். முட்டை கூடும் என்கிறார். வாங்கலாமா?

பதில்: கறியில் மிஞ்சிய கொழுப்பை அளவோடு கொடுக்கலாம். டின்னைத் தொடாதீர்கள்.

கோழி கொத்தித் தின்னும் கரையானிலும் புழுவிலும் கொழுப்பு உண்டு. பண்ணைத் தீவனத்திலும் இரண்டு மூன்று சதவீதம் சேர்ப்பது வழக்கம். ஆனால் மக்காச்சோளத்தைவிடக் கொழுப்பில் இரண்டு மடங்குக்கு மேல் எரிசக்தி இருப்பதால் அளவு முக்கியம். கோழிக்கு அரை டீஸ்பூன், அதுவும் வாரத்துக்கு இரண்டு நாள் போதும். கூடினால் வயிற்றிலும் ஈரலிலும் சேரும். கொழுத்த கோழி முட்டையிடாது என்று ஊரில் சொல்வது உண்மைதான். கத்திரி வெயிலில் அப்படிப்பட்ட கோழி திடீரென்று செத்தும் விழும்.

பச்சையாகப் போடாதீர்கள். பொடியாக நறுக்கி, கொஞ்சம் தண்ணீர் விட்டுச் சிறு தீயில் உருக்கி, வடிகட்டித் தவிட்டிலோ உடைத்த சோளத்திலோ பிசறிக் கொடுங்கள். கோழிக்கடையில் இலவசமாகத் தரும் தோலும் குடலும் வேண்டவே வேண்டாம். வெள்ளைக்கழிச்சல் அந்த வழியாகவும் வீட்டுக்கு வரும்.

இனி அந்த டின். அதில் என்ன இருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது. பெரும்பாலும் பஜ்ஜிக் கடையிலும் ஹோட்டலிலும் திரும்பத் திரும்பக் காய்ச்சிக் கறுத்த எண்ணெயாக இருக்கும். கசாப்புக் கழிவை உருக்கியதும் கலந்திருக்கலாம். சிக்கு வாடை அடிக்கும் கொழுப்பு தீவனத்திலுள்ள வைட்டமின் ஈ-யை அழித்துவிடும். குஞ்சுகள் தலை திருகி, கால் இழுத்துச் சாவது இதனாலும் நடக்கும். 1999-இல் பெல்ஜியத்தில் தீவனத்துக்காகச் சேகரித்த பழைய கொழுப்பில் டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெய் கலந்துவிட்டது. முட்டை பொரிக்காமல் போனது, குஞ்சுகள் செத்தன. கடைசியில் நாடு முழுக்கக் கோழியையும் முட்டையையும் கடைகளிலிருந்து எடுக்க வேண்டியதாயிற்று.

நம் ஊரில் பழைய எண்ணெய்க்குச் சட்டம் இல்லாமல் இல்லை. ஒரு நாளைக்கு 50 லிட்டருக்கு மேல் எண்ணெய் பயன்படுத்தும் கடை கணக்கு வைக்க வேண்டும், அங்கீகாரம் பெற்றவரிடம்தான் கொடுக்க வேண்டும். தெருவுக்குத் தெரு இருக்கும் சின்னக் கடை எதுவும் இந்தக் கணக்கில் வராதே! அந்த ஓட்டை வழியாகத்தான் டெம்போ ஓடுகிறது. தீவனத்தைச் சோதிக்க நாமக்கல்லில் நல்ல ஆய்வகம் இருக்கிறது. பத்துக் கோழி வைத்திருக்கும் பெண் ஒரு டின் எண்ணெயைத் தூக்கிக்கொண்டு நாமக்கல்லுக்கா பஸ் ஏறுவார்? இதைக் கால்நடைத் துறை எப்போது யோசிக்கப்போகிறதோ.

சமைத்த உணவின் கொழுப்பு உப்பு இருப்பதால் ஆகாது என்பேன். எலும்பு சூப்பில் உறையும் கொழுப்பு மட்டும் விதிவிலக்கு. உப்பு தண்ணீரில்தான் கரையும், கொழுப்பில் கரையாது. சூப்பை ஆறவைத்து ஃபிரிட்ஜில் வைத்தால் மேலே வெள்ளையாகக் கட்டியாகும். அந்த ஆடையைத் தனியே எடுங்கள். அடியில் ஒட்டியிருக்கும் கூழில்தான் உப்பு இருக்கும். அதை வழித்துவிட்டு, குளிர்ந்த தண்ணீரில் ஒருமுறை அலசிக் கொடுக்கலாம். பிரியாணி, சுக்கா எண்ணெயை இப்படிப் பிரிக்க முடியாது. மசாலா கொழுப்போடு ஊறிவிட்டது.

மிஞ்சிய கொழுப்பைக் கூண்டில் கிடக்க விடாதீர்கள். அழுகி, புழு வைத்து, அந்தப் புழுவைத் தின்ற கோழி கழுத்துத் தொங்கிச் சாகும். குஞ்சுகளுக்கு முதல் சில வாரங்கள் கொழுப்பே வேண்டாம். ஆட்டுக் கொழுப்பைச் செரிக்கும் அளவுக்குப் பித்தநீர் அந்த வயதில் அவற்றுக்குச் சுரப்பதில்லை.

ஏற்கெனவே டின் வாங்கியிருந்தால், வீணாகிறதே என்று மாட்டுக்கு ஊற்றிவிடாதீர்கள். ஆடு மாடு எட்டாத இடத்தில் ஆழமாகப் புதைத்துவிடுங்கள்.