காணாமல் போன நேரோபோட்டை எங்கே தேடுவது?

கேள்வி: இங்கிலாந்தில் மில்டன் கீன்ஸில் வசிக்கிறோம். எங்களுடைய 58 அடி நேரோபோட்டை (கால்வாயில் ஓட்டும் ஒடுங்கிய நீளப் படகு) வோல்வர்ட்டன் பக்கம் கிராண்ட் யூனியன் கால்வாய்க் கரையில் கட்டியிருந்தோம். வெள்ளிக்கிழமை மாலை பார்த்தபோது இருந்தது. ஞாயிறு மதியம் போனால் படகும் இல்லை, கரையில் அடித்திருந்த இரும்பு முளைகளும் இல்லை. போலீஸின் அவசரமில்லா எண்ணான 101-க்கு அழைத்துப் புகார் எண் வாங்கிவிட்டோம். "இது சிவில் தகராறாக இருக்குமோ" என்று கேட்டார்கள், அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை. படகுக்காரர்களின் ஃபேஸ்புக் குழுக்களில் போட்டால் பலன் இருக்குமா? எங்கிருந்து தேடத் தொடங்குவது?

பதில்: பலன் இருக்கும். கார் திருட்டைவிடப் படகுத் திருட்டில் ஊர்க்கண்கள் அதிகம் உதவும். ஆனால் குழுவில் போடுவதற்கு முன் இரண்டு வேலைகளை முடித்துவிடுங்கள். இல்லையென்றால் நூறு பேரைத் தவறான திசையில் அலைய விடுவீர்கள்.

முதல் வேலை, படகு உண்மையிலேயே திருடுபோனதா என்று பார்ப்பது. முளைகளும் இல்லை என்பதை வைத்துத் திருட்டு என்று முடிவு கட்டிவிட முடியாது. வேகமாகப் போகும் படகு கிளப்பும் அலையில், கட்டியிருக்கும் படகு முன்னும் பின்னும் இழுபடும். நனைந்த மண்ணில் முளை மெல்லத் தளர்ந்து பிடுங்கிக்கொண்டு வரும், கயிற்றோடு சேர்ந்து தண்ணீரில் தொங்கும். கயிறு அறுபட்டு முளை கரையிலேயே நின்றிருந்தால்தான் சந்தேகம் வலுக்கும். கால்வாயில் ஓட்டம் கிடையாது, காற்றுதான் தள்ளும். அதனால் அவிழ்ந்த படகு பெரும்பாலும் அக்கம்பக்கத்திலேயே எதிர்க்கரைப் புதரில் சாய்ந்து நிற்கும். போகிற வழியில் யாராவது நல்லவர் இழுத்துவந்து வேறு இடத்தில் கட்டியும் வைத்திருக்கலாம். இரு பக்கமும் ஒரு மைல் நடந்து பாருங்கள், எதிர்க்கரையையும் பாருங்கள். ஆழம் நாலைந்து அடிதான் என்பதால் மூழ்கியிருந்தாலும் கூரை வெளியே தெரியும்.

இரண்டாவது, கனால் அண்ட் ரிவர் டிரஸ்டுக்கு ஒரு போன். 2012-ல் பிரிட்டிஷ் வாட்டர்வேஸிடமிருந்து இங்கிலாந்து, வேல்ஸ் கால்வாய்களின் பொறுப்பை எடுத்துக்கொண்ட அறக்கட்டளை இது. உரிமம் இல்லாமலோ கைவிடப்பட்டோ கிடக்கும் படகை அப்புறப்படுத்த 1983-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் வாட்டர்வேஸ் சட்டத்தின் 8-ஆம் பிரிவு அவர்களுக்கு அதிகாரம் தருகிறது. வழக்கமாக முன்கூட்டியே நோட்டீஸ் ஒட்டுவார்கள், கடிதமும் வரும். உங்கள் முகவரி மாறி, கடிதம் பழைய வீட்டுக்குப் போயிருந்தால்? கேட்டுவிடுவதில் நஷ்டமில்லை. அதே அழைப்பில் உங்கள் படகின் பதிவு எண்ணைச் சொல்லி, திருடுபோனதாகக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். டிரஸ்டின் ஊழியர்கள் கரையோரமாகப் போய், எந்தப் படகு எந்த நாளில் எங்கே நின்றது என்று எண்களைக் குறித்துக்கொண்டே இருப்பார்கள். நிரந்தரக் கட்டுமிடம் இல்லாதவர்கள் ஒரே இடத்தில் 14 நாளுக்கு மேல் நிற்கக் கூடாது என்ற 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதியைக் கண்காணிப்பதற்கான பதிவு அது. இப்போது அது உங்களுக்கு உதவும். அந்தத் தகவலை உங்களிடம் நேராகத் தர மறுக்கலாம். போலீஸ் கேட்டால் தருவார்கள் என்பதால் புகார் எண்ணையும் சொல்லி வையுங்கள்.

இவை இரண்டிலும் ஒன்றும் கிடைக்கவில்லையா? சரி, திருட்டுத்தான். இனி கணக்குப் போடலாம்.

நேரோபோட்டைத் திருடியவனுக்கு வேகம் கிடையாது. கால்வாயில் உச்ச வேகமே மணிக்கு 4 மைல், கட்டியிருக்கும் படகுகளைக் கடக்கும்போது அதுவும் பாதியாகும். தண்ணீர் மட்டத்தை ஏற்றி இறக்கும் லாக் ஒவ்வொன்றும் கால் மணி நேரமாவது எடுக்கும். படகுக்காரர்கள் ஒரு லாக்கை ஒரு மைலாகக் கணக்கிட்டு, மைலையும் லாக்கையும் கூட்டி மூன்றால் வகுப்பார்கள். வருவதுதான் பயண மணிநேரம். சனிக்கிழமை முழுவதும், ஞாயிறு மதியம் வரையும் ஓட்டினான் என்றால் சுமார் 15 மணி நேரம், அதாவது மைலும் லாக்குமாகச் சேர்த்து 45.

வரைபடத்தில் வைத்துப் பாருங்கள். வடக்கே போனால் கிரேட் ஊஸ் ஆற்றின் மேலுள்ள இரும்புப் பாலத்தைத் தாண்டி காஸ்குரோவ் லாக், பிறகு ஸ்டோக் புரூர்னின் ஏழு லாக்குகள், அதன்பின் 3,076 கெஜ நீளமுள்ள பிளிஸ்வொர்த் சுரங்கம். அங்கிருந்து வில்ட்டன் வரை லாக்கே கிடையாது. வில்ட்டனில் பக்பி லாக்குகள் ஏழு, அப்புறம் பிரான்ஸ்டன் சுரங்கமும் ஆறு லாக்குகளும். ஆக, ஞாயிறு மதியத்துக்குள் பிரான்ஸ்டனை எட்டியிருந்தாலே பெரிது. அது முக்கியம், ஏனென்றால் பிரான்ஸ்டனில்தான் ஆக்ஸ்ஃபோர்டு கால்வாய் வந்து சேர்கிறது. அதைத் தாண்டிவிட்டால் வழிகள் பெருகிவிடும். தெற்கே போயிருந்தால் ஃபென்னி ஸ்டிராட்ஃபோர்டு, சோல்பரி, லைட்டன் பசார்ட் கடந்து மார்ஸ்வொர்த் லாக்குகள் பக்கம் எங்கோ நிற்கும். இரவிலும் ஓட்டியிருந்தால் இந்த எல்லை விரியும். ஆனால் விளக்குப் போட்டுக்கொண்டு நள்ளிரவில் லாக் கதவுகளைத் திறக்கும் படகு பக்கத்துப் படகுகளில் தூங்குகிறவர்களை எழுப்பாமல் போகாது. அதையே ஒரு கேள்வியாகக் கேளுங்கள்.

வடக்கா தெற்கா? உங்கள் படகின் முன்பக்கம் எந்தத் திசையைப் பார்த்துக் கட்டியிருந்தது என்று நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். 58 அடிப் படகைக் கால்வாயில் நினைத்த இடத்தில் திருப்ப முடியாது. கரையைக் குடைந்து அகலப்படுத்திய இடங்களில் மட்டும்தான் திருப்பலாம். பின்னோக்கி ஓட்டுவதோ, அனுபவசாலிக்கே எரிச்சல் பிடித்த வேலை. அதனால் படகு பார்த்த திசையிலிருந்துதான் தேடலைத் தொடங்குவேன். டிரஸ்டின் இணையதளத்தில் பராமரிப்புக்காக மூடிய லாக்குகளின் பட்டியலையும் பாருங்கள். குளிர்காலமானால் அங்கங்கே மூடியிருப்பார்கள். மூடிய லாக் வழியில் இருந்தால் அதற்கு அப்பால் தேட வேண்டியதில்லை.

கிளைகளை மறக்காதீர்கள். காஸ்குரோவில் பக்கிங்ஹாம் கிளையின் மிச்சத் துண்டு ஒன்றில் படகுகளைக் கட்டியிருப்பார்கள். கேய்ட்டனில் பிரியும் நார்தாம்ப்டன் கிளை 17 லாக்குகள் இறங்கி நீன் ஆற்றில் சேரும். நீன் வேறு அமைப்பின் பொறுப்பு, என்விரான்மென்ட் ஏஜென்சியுடையது. அங்குள்ள லாக்குகளுக்குத் தனிச் சாவியும் வேண்டும். அது இல்லாத திருடன் அந்தப் பக்கம் போவதில் அர்த்தமில்லை. கிரேன் வைத்துத் தூக்கி லாரியில் ஏற்றியிருக்கலாமே என்று எல்லோரும் கேட்பார்கள். இந்த நீளத்துப் படகு பதினைந்து டன்னுக்கு மேல் இருக்கும். அதற்குப் பெரிய கிரேன், நீள லாரி, படகுத்துறையில் முன்பதிவு, பணம், பெயர் எல்லாம் வேண்டும். நடக்காது என்றில்லை. சுற்றுவட்டாரத்தில் படகு தூக்கும் துறைகளுக்குப் போன் போட்டால் அரை நாளில் தெரிந்துவிடும்.

இனி யாரிடம் கேட்பது? குழுக்களில் ஆயிரம் பேர் சோகப் பொம்மை போடுவார்கள். அவர்களைவிட ஒரே ஓர் எரிபொருள் படகுக்காரர் மேல். டீசல், நிலக்கரி, காஸ் சிலிண்டர் விற்றுக்கொண்டே போகும் இவர்கள் கால்வாயின் ஒரே பகுதியில் போய் வந்துகொண்டிருப்பவர்கள். எந்தப் படகு யாருடையது, யார் புதிதாக வந்து நிற்கிறார்கள் என்பது அவர்களுக்கு மனப்பாடம். அடுத்து லாக்குகளில் நிற்கும் தன்னார்வலர்கள். அப்புறம் தண்ணீர்க் குழாய், கழிவு கொட்டும் இடம், டீசல் விற்கும் மரினா. திருடிய படகில் தங்குகிறவனும் இந்த இடங்களுக்கு வந்தே ஆக வேண்டும். தூண்டில் போடுகிறவர்களையும் காலையில் நாயோடு நடப்பவர்களையும் விட்டுவிடாதீர்கள். இவர்களில் பாதிப் பேர் எந்தக் குழுவிலும் இருக்க மாட்டார்கள். ஆகவே ஒரு ஏ4 தாளில் படமும் எண்ணும் அச்சடித்து, தண்ணீர்க் குழாய் அருகிலும் கால்வாயோர மதுக்கடைகளிலும் அனுமதி கேட்டு ஒட்டுங்கள்.

பதிவில் என்ன எழுத வேண்டும்? படகின் பெயரைப் பெரிதாகப் போட்டுவிட்டுப் பதிவு எண்ணை விட்டுவிடுகிறார்கள். பெயர் பலருக்கும் பொது. கிங்ஃபிஷர் என்ற பெயரில் மட்டும் எத்தனை படகுகள் ஓடுகின்றன என்று பாருங்கள். எண்தான் ஒன்றே ஒன்று. திருடன் முதலில் கழற்றுவதும் எண் பலகையைத்தான், இரண்டாவதாக மேல் பூச்சை மாற்றுவான். ஆகவே சுலபத்தில் மாற்ற முடியாததைச் சொல்லுங்கள்: நீளம், இடப்பக்கம் எத்தனை ஜன்னல் வலப்பக்கம் எத்தனை, அவை வட்டமா சதுரமா, பின்தளம் திறந்ததா மூடியதா, அடுப்புப் புகைக்குழாய் கூரையில் எந்த இடத்தில் வருகிறது, கூரையில் காளான் வடிவக் காற்றுப்போக்கிகள் எத்தனை, பக்கவாட்டுத் தகட்டில் எங்கே நசுங்கல். நான்கு பக்கப் படமும் வேண்டும்.

ஓர் அடையாளத்தை மட்டும் வெளியே சொல்லாதீர்கள். படுக்கைக்கு அடியில் நீங்களே அடித்த ஆணி, எஞ்சின் வரிசை எண் என்று எதுவானாலும் சரி. நாளைக்கு "இது என் படகு" என்று நிரூபிக்க அது உதவும். உங்கள் படகு 1998 ஜூன் 16-க்குப் பின் விற்பனைக்கு வந்ததானால், பின்பக்க வலது மூலையில் 14 எழுத்தும் எண்ணுமாக ஓர் அடையாளக் குறி இருக்க வேண்டும், மறைவான இன்னோர் இடத்திலும் அதே குறி இருக்க வேண்டும். பழைய சர்வே அறிக்கையில் அது எழுதியிருக்கும். அதையும் போலீஸுக்கு மட்டும் கொடுங்கள்.

பார்த்தவர்களிடம் இடத்தைப் பாலத்தின் எண்ணால் கேளுங்கள். கால்வாயில் ஒவ்வொரு பாலத்துக்கும் எண் உண்டு, வளைவின் மேல் சிறு பலகையில் இருக்கும். "72-க்கும் 73-க்கும் நடுவில், நடைபாதைப் பக்கம், சனி மாலை 4 மணி, படம் இணைத்திருக்கிறேன்" என்று வந்தால் அது தகவல். "எங்கோ பார்த்த மாதிரி இருக்கே" என்பது தகவல் இல்லை. வீட்டில் ஒருவர் மட்டும் இவற்றையெல்லாம் வாங்கி நேரத்தோடு வரைபடத்தில் குறித்து வரட்டும். "இன்று ஸ்டோக் புரூர்னிலிருந்து காஸ்குரோவ் வரை வந்தேன், அந்தப் படகு இல்லை" என்பதையும் குறியுங்கள். பல சமயம் இல்லை என்கிற தகவல்தான் தேடும் இடத்தைச் சுருக்கிக் கொடுக்கும்.

கூட்டம் சேர்ந்து தேடும்போது ஒரு விபரீதமும் உண்டு. புதுப் பூச்சு அடித்த, எண் பலகை விழுந்துபோன எல்லாப் படகும் திருட்டுப் படகாகத் தெரிய ஆரம்பிக்கும். உள்ளே ஒரு குடும்பம் நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும், வெளியே நாலு பேர் ஜன்னலில் டார்ச் அடிப்பார்கள். "படகில் ஏறாதீர்கள், யாரையும் கேள்வி கேட்காதீர்கள், படமும் பால எண்ணும் அனுப்பினால் போதும்" என்று பதிவின் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள். படகு ஓடிக்கொண்டிருப்பதைக் கண்ணெதிரே பார்த்தால் 999, மற்றதற்கெல்லாம் 101.

சிவில் தகராறு என்ற பேச்சு எழக் காரணம் இருக்கிறது. காருக்கு இருப்பதுபோலப் படகுக்கு எல்லாரும் சேர்ந்தாக வேண்டிய உடைமைப் பதிவேடு இல்லை. டிரஸ்ட் தரும் உரிமம், படகு யாருடையது என்பதற்கான சான்று ஆகாது. கூட்டாளியோ முன்னாள் துணைவரோ எடுத்துப்போன கதைகளை போலீஸ் நிறையக் கேட்டிருப்பார்கள். ஆகவே விற்பனைப் பத்திரம், வங்கிப் பணமாற்றம், காப்பீடு, நான்காண்டுக்கு ஒருமுறை எடுக்கும் பாதுகாப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரே கோப்பாக அனுப்பி, "வேறு பங்குதாரர் இல்லை, யாருக்கும் அனுமதி தரவில்லை" என்று எழுத்தில் சொல்லுங்கள். 1968-ஆம் ஆண்டுத் திருட்டுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, அனுமதியின்றி வாகனம் எடுப்பதைக் குற்றமாக்குகிறது. தண்ணீரில் ஆளை ஏற்றிச் செல்லும் படகும் அதில் அடக்கம். சும்மா ஓட்டிப் பார்த்தேன் என்று ஒருவன் சொன்னாலும் தப்ப முடியாது.

காப்பீட்டு நிறுவனத்துக்கு இன்றே சொல்லுங்கள். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் என்றால் திருட்டுக்குப் பணம் வராது, அதையும் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. படகு விற்பனை விளம்பரங்களைத் தினமும் ஒரு பார்வை பாருங்கள். விலை கேட்பதுபோல நீங்களே போய் நிற்க வேண்டாம், விளம்பரத்தைப் படம் எடுத்து போலீஸுக்கு அனுப்புங்கள்.

யாராவது நல்லெண்ணத்தில் வாங்கியிருந்தால்? திருடனிடம் வாங்கியவருக்கு உரிமை வராது என்பதுதான் 1979-ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டத்தின் பொது விதி, படகு உங்களுடையதுதான். ஆனால் அப்படி வாங்கிய நாளிலிருந்து ஆறு ஆண்டுகள் ஓடிவிட்டால் உங்கள் உரிமை அற்றுப்போகும். வாங்கியவர் தர மறுத்தால் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு வராதீர்கள், வழக்கறிஞரைப் பாருங்கள்.

படகு கிடைத்துவிட்டால் உடனே எஞ்சினைக் கிளப்பத் தோன்றும். போலீஸ் தடயம் எடுக்கும்வரை எதையும் தொடாதீர்கள். அப்புறம் காஸ் வால்வை மூடுங்கள், அடித்தளத்தில் தண்ணீர் நிற்கிறதா என்று பாருங்கள், பின்பக்கத்தில் சுழலியில் சிக்கிய களையை எடுப்பதற்கான மூடியைக் கையால் ஆட்டிப் பாருங்கள். பழக்கமில்லாதவன் ஓட்டியிருந்தால் அங்கே கயிறோ பிளாஸ்டிக்கோ சுற்றியிருக்கும், எடுத்துவிட்டு மூடியைச் சரியாக இறுக்காமல் விட்டிருப்பான். அந்த நிலையில் எஞ்சினை முடுக்கினால் சுழலி தண்ணீரை உள்ளே வாரி இறைக்கும், படகு கட்டிய இடத்திலேயே மூழ்கிவிடும். மூடி இறுகியிருப்பது உறுதியான பிறகு சாவியைத் திருப்புங்கள். ஊருக்குச் சொல்லி, குழுக்களில் போட்ட பதிவுகளையும் எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த மாதம் உங்கள் படகில் உங்களையே யாராவது படம் பிடித்து போலீஸுக்கு அனுப்புவார்கள்.